தொப்புள் உள்ள சுறாவும் குளத்தில் மூழ்கும் சருகுமானும்

சனி, மன்னார் – கண்டி

மன்னாரிலிருந்து மலைநாட்டுக்குப் போகிறவர்கள் கையில் கருவாடு இருப்பது வழக்கம்தான். நான் கொண்டுபோவது பால் சுறாக் கருவாடு. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் நண்பனின் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. செய்தி கேட்ட உடனேயே அம்மா, "அந்தப் பிள்ளைக்குப் பால் சுறா கொண்டுபோய்க் குடு" என்றார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுக்காத வீடு இல்லை. தாய்ப்பால் நன்றாகச் சுரக்கும் என்று நம்பிக்கை. ஈரச் சுறா மலை ஏறுவதற்குள் பழுதாகிவிடும், அதனால் கருவாடு.

போக எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தோட்டத்து மரக்கறிப் பாத்தி ஓரத்தில் சருகுமான் ஒன்று நிற்பதை நண்பன் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தான். பார்த்து முடிப்பதற்குள் முடிந்துவிடும் காணொளி. முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, குளம்புக் கால், கொம்பு கிடையாது. சின்ன வயதிலிருந்து சுறாவையே பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் காணொளியைப் பார்த்த நாளிலிருந்து இந்த இரண்டு பிராணிகளையும் சேர்த்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எடையைப் பார்த்தால் சருகுமான் இரண்டு, மூன்று கிலோ. எங்கள் வலையில் வரும் நடுத்தரப் பால் சுறாவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தப் பயணத்தில் இரண்டையும் பற்றித் தெரிந்ததையும் பார்ப்பதையும் நாளுக்கு நாள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பஸ்ஸில் பையைக் காலடியில் வைக்க விடவில்லை. கொண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்னால் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அவரைப் பிழை சொல்ல முடியாது. சுறாக் கருவாட்டு வாடை மூக்குக்குள் ஏறிக் கண்ணைக் கரிக்கும். கடலின் உப்பு உடம்புத் தண்ணீரை இழுத்துவிடாமல் இருக்க, சுறா தன் இரத்தத்திலும் சதையிலும் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. நாம் சிறுநீரில் கழித்துவிடும் அதே யூரியாதான். சுறா செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை உடைத்து அமோனியாவாக்கிவிடும். கொதிநீரில் ஊறவைத்து, பல தண்ணீர் மாற்றிக் கழுவிய பிறகுதான் எங்கள் வீடுகளில் இந்தக் கருவாடு சட்டிக்குப் போகும்.

மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே போனவர்கள் ஏராளம். அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்தே போனார்கள். நண்பனும் நடந்தான். புறப்படுவதற்கு முந்தின இரவு எங்கள் வீட்டில்தான் தங்கினான். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

கண்டியில் மழை. இன்றைக்கு இவ்வளவுதான்.

ஞாயிறு, தோட்டம்

கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று பஸ் வளைந்து வளைந்து ஏறியது. தோட்டத்துச் சந்தியில் நண்பன் காத்திருந்தான். லயத்துக்கு, அதாவது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, போகும் படிக்கட்டில் கால் வைத்ததுமே நண்பனின் அம்மாயி இஸ்தோப்பிலிருந்து (வீட்டு முன் திண்ணையிலிருந்து), "மன்னார்த் தம்பி வந்துட்டாரு, வாடையே சொல்லுதே" என்று கூப்பிட்டார். கருவாட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். தரம் பார்க்கத் தெரிந்த கை. ஒரு துண்டைத் திருப்பித் தோலில் விரலை வைத்து, தலைப்பக்கமிருந்து வால்பக்கம் ஒருமுறை, வால்பக்கமிருந்து தலைப்பக்கம் ஒருமுறை தடவினார். முதல் தடவலில் வழுவழுப்பு, இரண்டாவதில் விரல் சிராய்க்கிற சொரசொரப்பு. சுறாவுக்கு மற்ற மீன்கள் மாதிரி செதில் இல்லை. தோல் முழுக்கப் பல்லைப் போன்ற அமைப்புள்ள மிக நுண்ணிய முட்கள், எல்லாம் வாலை நோக்கிச் சாய்ந்திருக்கும். நீந்தும்போது தண்ணீர் தடையில்லாமல் வழுக்கிப்போக அது உதவுகிறது. பழைய காலத் தச்சர்கள் மரத்தை இழைத்து மெருகேற்றச் சுறாத் தோலைப் பயன்படுத்தியதும் இதனால்தான். "எங்க மாமியார் காலத்துல இதத்தான் வாங்குவோம், இப்ப எல்லாம் நெத்தலி" என்றார் அம்மாயி.

பிள்ளைக்குத் தொப்புள் கொடி இப்போதுதான் விழுந்திருக்கிறது. குளிப்பாட்டும்போது அந்த இடத்தைத் துடைத்து ஈரமில்லாமல் வைக்கச் சொல்லி மருத்துவமாது எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். கருவாட்டைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. பெரிய சுறாக்களின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது என்று பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. பால் சுறா சின்ன இனம், பெரிய சுறாக்கள் அளவுக்குச் சேராது, ஆனாலும் அடிக்கடி கொடுக்க வேண்டாம், உப்பும் அதிகம் என்றேன். அம்மாயிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நண்பனின் அம்மா கேட்டுக்கொண்டார். மிளகும் சீரகமும் வெள்ளைப்பூடும் அரைத்துவிட்டுக் கொஞ்சமாகக் குழம்பு வைத்தார்கள். வாசம் லயம் முழுக்கப் போயிற்று.

சாப்பிட்டு முடித்து பிளேன் டீ குடிக்கும்போது நண்பனின் அப்பாவிடம் சருகுமானைப் பற்றிக் கேட்டேன். தோட்டத்தில் நாற்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்தவர். "அது பகல்ல அலையாது தம்பி. வெளிச்சம் போற நேரம், விடியப்போற நேரம். ஆளக் கண்டா ஓடாது மொதல்ல. அப்படியே நிக்கும். நம்ம கண்ணு எடுத்தாத்தான் ஓடும்" என்றார். முன்பெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி முடிந்த மலையோரத்தில் அடிக்கடி கண்டதாகவும், இப்போது பன்றிக்கு வைக்கும் கம்பியில் இதுவும் மாட்டிச் சாவதாகவும் சொன்னார். விடிய என்னைக் காட்டோரம் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்டார்.

திங்கள், காட்டோரம்

இருட்டோடு கிளம்பினோம். தேயிலை முடிகிற இடத்தில் கரட், லீக்ஸ் பாத்திகள். அதற்கப்பால் கொஞ்சம் காடு, பாசி பிடித்த மரங்கள், காலடியில் மட்கிய இலை. ஐயா, அதாவது நண்பனின் அப்பா, முன்னே, நாங்கள் பின்னே.

வாய்க்கால் ஓரச் சேற்றில் அவர் குனிந்து ஒரு தடத்தைக் காட்டினார். இரண்டு கூர்மையான பிளவுகள், இரண்டும் சேர்ந்தே என் சுட்டுவிரல் நகத்தளவுதான். பின்னால் இன்னும் இரண்டு புள்ளிகள் லேசாகப் பதிந்திருந்தன. சருகுமானுக்கு ஒவ்வொரு காலிலும் நான்கு விரல்கள் முழுமையாக இருக்கும். ஆடு, மாடு, மான் எல்லாவற்றிலும் பக்கத்து விரல்கள் சிறுத்துப்போய்விட்டன. வயிறும் அப்படித்தான். மாட்டுக்கு நான்கு அறை இரைப்பை, சருகுமானுக்கு மூன்றுதான் ஒழுங்காக வளர்ந்திருக்கிறது. அசைபோடும் பிராணிகளின் வம்சத்தில் மிகப் பழைய கிளை இது. மான் என்று சொன்னாலும் மான் குடும்பத்தில் இது சேராது. கொம்பு இல்லாத ஆணுக்கு மேல் கோரைப்பல் நீண்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், சண்டை அதால்தான்.

இலங்கைச் சருகுமானை நெடுங்காலம் இந்தியச் சருகுமானோடு ஒன்றாகவே எண்ணிவந்தார்கள். 2005இல் குரோவ்ஸ், மெய்யார்ட் என்ற இரண்டு விலங்கியலாளர்கள் மண்டையோடுகளையும் தோல்களையும் ஒப்பிட்டு, இலங்கையில் இருப்பவை தனி இனங்கள் என்று காட்டினார்கள். உலர்வலயத்தில் ஒன்று, ஈரவலயத்தில் விலாவில் மஞ்சள் கோடுகள் ஓடும் இன்னொன்று. உயர்ந்த மலைகளில் இருப்பது மூன்றாவது இனமாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு கிலோப் பிராணியைப் பற்றி இன்னும் இவ்வளவு தெரிய வேண்டியிருக்கிறது.

தடத்தைத் தொடர்ந்து போகையில் ஐயா கையை நீட்டி எங்களை நிறுத்தினார். பற்றைக்குள் நடைபாதை மாதிரி ஒரு சிறு வழி. அதன் குறுக்கே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வட்டமாக வளைத்த கம்பி. மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள் போலிருந்தது. ஒரு நுனி மரத்தடியில் கட்டியிருந்தது, மறுநுனியில் சுருக்கு. தலை நுழைந்தால் முன்னால் போகப் போக இறுகும். பன்றிக்கு வைத்தது. ஆனால் வருவது பன்றியா வேறெதுவா என்று கம்பிக்குத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் இப்படியொரு கம்பியில்தான் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிக்கொண்டது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் இறந்துபோனது. மலைநாட்டில் சிறுத்தைகள் சாவதற்குக் கம்பிச் சுருக்கு பெரிய காரணம். சிறுத்தை மாட்டினால் பத்திரிகையில் வரும், சருகுமான் மாட்டினால் வராது. வைத்தவன் எடுத்துக் கறியாக்கிவிடுவான். அல்லது அவன் வருமுன் நரியோ கீரியோ தின்றுவிடும்.

ஐயா கம்பியைக் கழற்றிச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் இப்படி எடுத்த கம்பிகள் வீட்டுக் கூரைக்குள் ஒரு கட்டு கிடக்கிறதாம்.

எனக்கு அந்தச் சுருக்கைப் பார்த்ததும் எங்கள் வலைதான் நினைவுக்கு வந்தது. வலைக் கண்ணுக்குள் தலை நுழையும், பின்வாங்க முடியாது, செவுளில் நூல் இறுகும். பால் சுறாவுக்கென்று யாரும் வலை போடுவதில்லை. வேறு மீனுக்குப் போட்ட வலையில் அதுவும் வரும். அதன் குடும்பத்துச் சுறாக்கள் பலவும் வாயைத் திறந்தபடி முன்னே நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடி மூச்சு கிடைக்கும். வலையில் நின்றுவிட்டால் மூச்சும் நின்றுவிடும். சருகுமானுக்கு நேர்மாறு, ஆபத்தென்றால் அசையாமல் நிற்பதே அதன் முதல் காவல். அசையாமல் நிற்கும் பிராணியையும் ஓயாமல் நகரும் பிராணியையும் ஒரே மாதிரி வளையம் கொல்கிறது. இது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் அது நடந்தது. திரும்பும்போது வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. நண்பன் என் தோளைத் தொட்டான். பத்து அடிக்கு அப்பால், விழுந்து கிடந்த மரத்தின் அடியில், சருகின் நிறத்திலேயே ஒரு உடம்பு. முதலில் எனக்குத் தெரிந்தது கண்தான், முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரிய, ஈரமான கண். பிறகு கழுத்தின் கீழ் வெள்ளைக் கோடுகள், விலாவில் வரிசையாகப் போகும் மங்கல் மஞ்சள். முன்கால் ஒன்றைத் தூக்கிய நிலையிலேயே நின்றது. அந்தக் கால் பென்சில் தடிமன்கூட இருக்காது. மூக்கு நுனி மட்டும் விட்டுவிட்டு அசைந்தது. ஐயா சொன்னபடி நாங்கள் கண்ணை எடுக்கவில்லை, அதுவும் நகரவில்லை. லயத்துப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. இலை கலைகிற சத்தம், அவ்வளவுதான், மரத்தடி காலி.

ஓடிய திசை வாய்க்காலின் பக்கம். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. இலங்கையின் மலைப்பகுதியில் கீரி துரத்திய சருகுமான் ஒன்று குளத்துக்குள் பாய்ந்து தண்ணீருக்கடியில் மூழ்கிக்கொண்டதை ஆய்வாளர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். கீரி விலகியதும் வெளியே வந்தது, கீரி மறுபடி துரத்த, மறுபடி தண்ணீருக்குள். போர்னியோவில் இதன் உறவினம் ஒன்று சில தடவை ஐந்து நிமிடத்துக்கு மேல் மூழ்கியிருந்ததையும் சேர்த்து 2009இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் இருக்கும் இனத்துக்கு இந்தப் பழக்கம் உண்டென்று முன்பே தெரியும். ஆசிய இனங்களில் அப்போதுதான் பதிவானது. ஐயாவிடம் இதைச் சொன்னேன். "தண்ணிக்குள்ள போவும். நாயி வெரட்டினா வாய்க்கால்ல மூக்க மட்டும் நீட்டிக்கிட்டுக் கெடக்கும். நாங்க சின்ன வயசுல பாத்திருக்கோம்" என்றார்.

செவ்வாய், ஹோர்டன் சமவெளி

பட்டிப்பொல வாசல் வழியாகப் போனோம். குளிர், மூடுபனி, புல்வெளியில் மரைகள் கூட்டமாக நின்றன, ஆளைக் கண்டு அவை விலகுவதே இல்லை. உலக முடிவு என்று சொல்லும் மலை விளிம்பில் பனி மூடிக் கீழே எதுவும் தெரியவில்லை. சருகுமானும் கண்ணில் படவில்லை. புல்வெளி அதற்கான இடமுமில்லை, காட்டுக்குள் இருக்கும்.

நடக்கும்போது நண்பனுக்கு ஒரு விஷயம் சொன்னேன். காஷ்மீரில் கிடைத்த எலும்புகளை வைத்து, தெவிசன் என்ற ஆய்வாளரின் குழு 2007இல் ஒரு கட்டுரை எழுதியது. இந்தோஹையஸ் என்று ஒரு பிராணி, ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது. பார்வைக்குச் சருகுமான் அளவு, குளம்புக் கால். காதெலும்பு மட்டும் திமிங்கிலத்தின் காதெலும்பு போல ஒரு பக்கம் தடித்திருந்தது. கால் எலும்புகளும் கனத்து இறுகியவை, ஆழமில்லாத தண்ணீரில் மிதந்துவிடாமல் நடக்கத் தோதாக. திமிங்கிலங்களுக்கு மிக நெருங்கிய பழைய உறவு இப்படிப்பட்ட குளம்புப் பிராணிதான் என்பது அவர்களுடைய முடிவு. பகைவனுக்குப் பயந்து தண்ணீரில் இறங்கிய சிறு பிராணிகளின் வழியில் பிறகு கடலையே வீடாக்கிக்கொண்டவை வந்தன. சருகுமான் திமிங்கிலத்தின் முன்னோர் கிடையாது, அதை நான் தெளிவாகச் சொன்னேன். ஆனால் நேற்று வாய்க்காலை நோக்கி ஓடியதே, அந்த ஓட்டம் அவ்வளவு பழையது.

சுறாக்கள் அப்போது கடலில் முப்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து முடித்திருந்தன. பாலூட்டிகள் கரையிலிருந்து இறங்கிவந்தபோது அங்கே ஏற்கெனவே குடியிருந்தவை அவைதான்.

புதன், நுவரெலியா கடைத்தெரு

ஊர் சுற்றும் எண்ணமில்லை. கருவாட்டுக் கடைகளைத்தான் பார்க்க வந்தேன். ஒரு கடையில் கீரிமீன், சாளை, நெத்தலி, கட்டா எல்லாம் மூட்டை மூட்டையாகத் திறந்திருந்தன. சுறா பின்வரிசையில், பெரிய சுறாவின் வெட்டுத்துண்டுகள். பக்கத்தில் ஒரு பெட்டியில் முழுசாகக் காயவைத்த குட்டிச் சுறாக்கள்.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். கூர் மூக்கு, வாயோரத்தில் பால் சுறாவுக்கே உரிய நீண்ட மடிப்பு. திருப்பினேன். வயிற்றைக் கீறிய வெட்டு மார்புத் துடுப்புகளுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டிருந்தது. இரண்டு துடுப்புகளுக்கும் நடுவே, நட்ட நடுவில், அரிசி நீளத்துக்கு ஒரு சிறு பிளவு. ஓரம் இன்னும் மூடவில்லை. பெட்டியில் கிடந்த மற்றவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே பிளவு.

அது தொப்புள்.

பால் சுறா முட்டையிடாது. கருவில் குட்டி முதலில் மஞ்சட்கருவைத் தின்று வளரும். அது தீர்ந்துபோகும் நேரத்தில் அந்த வெற்றுப் பை தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டி நஞ்சுக்கொடியாகிவிடும். அங்கிருந்து குட்டியின் மார்புக்கு ஒரு தொப்புள் கொடி. பால் சுறாவின் கொடியில் சின்னச் சின்ன இழைகள் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும், கருப்பை சுரக்கும் சத்தை உறிஞ்ச அவை உதவுவதாகக் கருதப்படுகிறது. இப்படி ஏறக்குறைய ஒரு வருடம் தாய் சுமக்கிறது. ஒரு சூலில் ஒன்றிலிருந்து எட்டுக் குட்டிகள் வரை. பிறந்த உடனே கொடி அறுந்து, அந்த இடத்தில் பிளவு ஆறாமல் கொஞ்ச நாள் இருக்கும். பிறகு தழும்பாகி மறைந்துவிடும். மூடாத பிளவுள்ள குட்டி பிறந்து அதிக நாள் ஆகாத குட்டி.

சுறாவில் ஒரு இனத்துக்கு இப்படி நஞ்சுக்கொடி உண்டென்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். பிற்காலத்தில் பலர் நம்பவில்லை. 1842இல் யோகன்னஸ் மியூலர் என்ற ஜெர்மானியர் அறுத்துப் பார்த்து அது சரியென்று காட்டினார். எங்கள் மீன் வாடியில் சுறா வெட்டும் பெண்களுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. வயிற்றைத் திறந்தால் கொடியோடு குட்டிகள் வழுக்கிக்கொண்டு வரும். சிறுவயதில் அப்படி வந்த ஒன்றைக் கையில் ஏந்தியிருக்கிறேன், கொடி என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது.

சருகுமானின் நஞ்சுக்கொடியும் விசேஷமானதுதான். ஆடு மாட்டில் அது தனித்தனிப் பொத்தான்களாகக் கருப்பையில் ஒட்டியிருக்கும், சருகுமானில் அப்படியில்லாமல் பரப்பு முழுதும் படர்ந்து ஒட்டும். பழைய முறை அது. ஐந்து மாதம் போலச் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி, சில நேரம் இரண்டு. குட்டியைப் பற்றைக்குள் மறைத்து வைத்துவிட்டு வந்து வந்து பால் கொடுக்கும். சுறாத்தாய் பெற்றதோடு சரி, பாலில்லை, காவலில்லை. ஆனால் வயிற்றில் சுமப்பதில் அது இந்தக் குளம்புப் பிராணிக்குக் குறைந்ததில்லை. சருகுமானைவிட இரண்டு மடங்குக்கு மேல் நாள் சுமக்கிறது.

கடைக்காரர் நான் பெட்டியைக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "குட்டி நல்ல மெது. புள்ள பெத்தவங்களுக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க" என்றார். பிளவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முப்பது வருசம் விக்கிறேன் முதலாளியா இருந்து, இத நான் பாத்ததில்லியே தம்பி" என்றவர், இன்னொன்றை எடுத்துப் பார்த்தார், பிறகு இன்னொன்று. மூட்டையில் வருவதை விற்கிறேன், அங்கே என்ன பிடிக்கிறார்கள் என்று எனக்கெப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பிடிக்கிற இடத்தில்தான் இதைப் பேச வேண்டும். வால் உடம்பளவு நீண்ட அலோபியாஸ் சுறாக்களைப் பிடிப்பது இலங்கையில் 2012 முதல் தடை. அம்மணி உளுவை என்று சொல்லப்படும் திமிங்கிலச் சுறாவையும் ஆழ்கடலின் வெள்ளை நுனித் துடுப்புச் சுறாவையும் பிற்பாடு தடையில் சேர்த்தார்கள். பால் சுறா அவற்றில் இல்லை. சின்னது, ஏராளமாக இருக்கிறது என்ற எண்ணம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலோ அது இப்போது அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகத்தான் இருக்கிறது. பிறந்த குட்டி கரையோர ஆழமில்லாத தண்ணீரில்தான் வளரும், கரைவலையும் அங்கேதான் விழுகிறது.

மாலையில் லயத்துக்குத் திரும்பி அம்மாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொப்புள் விஷயத்தை அவர் நம்பவே இல்லை. நான் எடுத்துவந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இனிமே பெருசு கொண்டாங்க தம்பி, குட்டி வேணாம்" என்றார். பெருசென்றால் சூலோடு இருப்பதாகவும் இருக்கலாம் என்று நண்பன் சொன்னான். அவன் சொன்னது சரி. அதற்கு என்னிடம் பதிலில்லை.

வியாழன், ஹட்டன் – கித்துல்கல வழி

கொழும்பில் ஒரு வேலை இருந்ததால் ஹட்டன் வழியாக இறங்குகிறேன். கினிகத்தேனையைத் தாண்டினால் வெயிலும் வேர்வையும் வந்துவிடுகிறது. கித்துல்கலவுக்குப் பக்கத்தில் பெலிலென என்ற குகை இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் கடற்கரையிலிருந்து உப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அகழ்வாய்வில் தெரியவந்தது. காட்டுப் பிராணிகளை வேட்டையாடித் தின்றவர்கள் அவர்கள். மலைக்கும் கடலுக்கும் இடையே உணவு ஏறி இறங்குவது அவ்வளவு காலப் பழக்கம்.

பஸ் நின்ற இடத்தில் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசாலையில் வலை போடுகிறவர். கம்பியைச் சொன்னேன், பிளவைச் சொன்னேன். வலையில் சுறா உயிரோடு வந்தால், முக்கியமாகச் சூல் வயிறாக இருந்தால் விட்டுவிட முடியுமா என்று கேட்டேன்.

"உயிரோட எங்க வாறது? பொழுதுபட வலை போட்டு விடியத்தானே இழுக்கிறம். செத்து விறைச்சுத்தான் வரும்."

"நடுவில ஒருக்கா இழுத்துப் பாத்தா, மாமா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "எண்ணெய்க் காசு ஆர் தாறது? ஒரு ஆள் கூட வேணும்" என்றார். பிறகு, "கரைப்பக்கம் போடுற சின்ன வலையெண்டா செய்யலாம். அதில உயிரோட இருக்கிறதும் இருக்கு. குட்டியள விட்டாலும் எங்களுக்குப் பெரிய நட்டமில்லை, காய்ஞ்சா அதில என்ன நிறை நிக்கும்" என்றார்.

அவருடைய படகில் அடுத்த முறை கூடுதல் ஆளாக நானே ஏறுவதாகச் சொல்லியிருக்கிறேன். நள்ளிரவில் ஒரு தடவை வலையைத் தூக்கிப் பார்க்கப் போகிறோம். எத்தனை சுறா உயிரோடு வருகிறது, விட்டால் நீந்திப் போகிறதா, மற்ற மீனில் எவ்வளவு குறைகிறது என்று மூன்றையும் குறித்துவைத்து இதே இடத்தில் எழுதுகிறேன். ஐயா கழற்றிய கம்பிகளைத் தோட்டத்து ஆட்கள் கூடுகிற இடத்தில் வைத்துக் காட்டப் போவதாக நண்பன் இப்போதுதான் செய்தி அனுப்பியிருக்கிறான்.